வெயிலில் ஓடியவர்களும் வெயிலில் உழைத்தவர்களும்

2010ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள், சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் கூடிய பன்னாட்டுக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபாவின் செயற்குழு, 2022ஆம் ஆண்டு உலகக் கோப்பைப் போட்டியை நடத்தும் உரிமையைக் கத்தார் நாட்டுக்கு வழங்கியது. அமெரிக்கா, ஆஸ்திரேலியா, ஜப்பான், தென்கொரியா ஆகிய நாடுகளும் அவ்வுரிமையைக் கோரியிருந்தன. இறுதிச் சுற்று வாக்கெடுப்பில் கத்தார் 14 வாக்குகளும் அமெரிக்கா 8 வாக்குகளும் பெற்றன. அன்று எழுந்த சர்ச்சை, போட்டி நடந்து முடியும்வரை பன்னிரண்டு ஆண்டுகள் ஓயவில்லை. உலகக் கோப்பைப் போட்டி வழக்கமாக ஜூன், ஜூலை மாதங்களில் நடைபெறும். அம்மாதங்களில் கத்தாரின் தலைநகரான தோஹாவின் பகல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அத்தகைய வெயிலில் மனிதர்களை ஓடவிடலாமா என்பதே முதல் கேள்வியாக இருந்தது.

மருத்துவமனைச் செய்திமடலில் கால்பந்துக்கு என்ன வேலை என்று வாசகர்கள் வியக்கலாம். இச்சர்ச்சையில் அரசியலும் பணமும் கலந்திருந்தன. வாக்குகள் நேர்மையாக அளிக்கப்பட்டனவா என்ற ஐயமும் விசாரணையும் இருந்தன. அவை எங்கள் துறைக்கு அப்பாற்பட்டவை. ஆயினும், மனித உடல் எவ்வளவு வெப்பத்தை, எவ்வளவு நேரம், எந்த நிலையில் தாங்கும் என்பது முழுமையான மருத்துவக் கேள்வி. அக்கேள்வி நமக்குத் தொலைவானதும் அன்று. எங்கள் சிறுநீரகவியல் புறநோயாளிகள் பிரிவுக்கு வருவோரில் வளைகுடா நாடுகளில் பல ஆண்டுகள் உழைத்துத் திரும்பியவர்கள் இருக்கின்றனர். அவர்களுடன் துணைக்கு வருவோரில், இன்றும் அங்கே கட்டுமானப் பணியில் இருக்கும் மகனையோ கணவரையோ சகோதரரையோ நினைத்துக் கவலைப்படுவோரும் இருக்கின்றனர். அவர்களை மனத்தில் கொண்டே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

ஆட்டக்காரர்களுக்காக நாட்காட்டி மாறியது

வெப்பம் குறித்த எச்சரிக்கை வாக்கெடுப்புக்குப் பின்னர் வந்ததன்று. ஃபிஃபாவே அனுப்பிய ஆய்வுக்குழு, ஆண்டின் மிக வெப்பமான இரு மாதங்களில் போட்டியை நடத்துவது ஆட்டக்காரர்களுக்கும் அலுவலர்களுக்கும் பார்வையாளர்களுக்கும் உடல்நல ஆபத்தாகக் கூடும் என்று முன்னரே எழுதிக் கொடுத்திருந்தது. செயற்குழு அதனைப் படித்த பின்னும் கத்தாரையே தேர்ந்தெடுத்தது. அப்போது தலைவராக இருந்த செப் பிளாட்டர், 2014ஆம் ஆண்டு அளித்த தொலைக்காட்சி நேர்காணல் ஒன்றில், கோடை வெப்பத்தைக் கருதும்போது அத்தேர்வு தவறானதே என்று ஒப்புக்கொண்டார்.

கத்தார் தரப்பு முன்வைத்த விடை குளிரூட்டப்பட்ட விளையாட்டு அரங்கம். திறந்தவெளி அரங்கத்தைக் குளிரூட்டுவது இயலாத செயல் என்று பலர் எள்ளினர். ஆனால் அதன் பின்னிருந்த அறிவியல் எளிமையானது. குளிர்ந்த காற்று கனமானது, கீழே தங்கும். இருக்கைகளின் அடியிலும் ஆடுகளத்தின் ஓரங்களிலும் குளிர்காற்றைச் செலுத்தி, அது சூடேறத் தொடங்கும்போது மீண்டும் உறிஞ்சிக் குளிர்வித்து, மனிதர்கள் இருக்கும் உயரத்தில் மட்டும் தட்பத்தை நிறுத்தி வைத்தனர். போட்டி நடந்த எட்டு அரங்குகளில் ஏழில் இவ்வமைப்பு பொருத்தப்பட்டது. கப்பல் சரக்குப் பெட்டகங்களைக் கொண்டு கட்டப்பட்ட 974 அரங்கம் மட்டும் கடற்காற்றை நம்பி நின்றது.

ஆயினும் அரங்கத்துக்கு வெளியே வரிசையில் நிற்கும் பார்வையாளருக்கும், பயிற்சிக்களத்தில் இருக்கும் வீரருக்கும் அக்குளிர் எட்டாது. எனவே 2015ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஃபிஃபா போட்டியைக் குளிர்காலத்துக்கு மாற்றியது. ஐரோப்பியக் கழக ஆட்டங்கள் பருவத்தின் நடுவில் நிறுத்தப்பட வேண்டும் என்பதால் கடும் எதிர்ப்பு எழுந்தது. எனினும் முடிவு மாறவில்லை. 2022 நவம்பர் 20 முதல் டிசம்பர் 18 வரை, 29 நாட்களில் போட்டி நடந்து முடிந்தது. லுசைல் அரங்கில் அர்ஜென்டினா கோப்பையை வென்றது. வெப்பத்தால் எவரும் வீழ்ந்துவிடுவரோ என்ற அச்சம், அந்த இதமான மாதங்களில் எழவே இடமில்லாமல் போயிற்று.

மாற்றாமல் இருந்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதற்கு ஒரு குறிப்பு 2019இல் கிடைத்தது. அவ்வாண்டு உலகத் தடகளப் போட்டி தோஹாவில் செப்டம்பர் இறுதியில் தொடங்கியது. வெயிலைத் தவிர்ப்பதற்காகப் பெண்களுக்கான மாரத்தான் ஓட்டத்தை நள்ளிரவில் வைத்தனர். சூரியன் இல்லை. ஆயினும் வெப்பநிலை 30 டிகிரியைத் தாண்டியிருந்தது; காற்றில் ஈரப்பதம் 70 விழுக்காட்டுக்கு மேல் இருந்தது. ஓடத் தொடங்கிய 68 பேரில் 28 பேர் ஓட்டத்தை முடிக்கவில்லை. அவர்கள் உலகின் மிகத் தேர்ந்த ஓட்ட வீராங்கனைகள். இதனைக் கண்ட பன்னாட்டு ஒலிம்பிக் குழு, டோக்கியோ ஒலிம்பிக்கின் மாரத்தான் ஓட்டத்தை, அதைவிடக் குளிர்ந்த சப்போரோ நகருக்கு மாற்றியது.

வியர்வை காயாத காற்று

வெயிலே இல்லாத நள்ளிரவில் அத்தனை பேர் ஏன் தளர்ந்தனர்? இதனை விளங்கிக்கொண்டால், நம் வீட்டார் பணியிடத்தில் எதிர்கொள்ளும் ஆபத்தும் விளங்கும்.

நம் தசைகள் வேலை செய்யும்போது, செலவாகும் ஆற்றலில் நான்கில் ஒரு பங்கு அளவே வேலையாக மாறுகிறது. எஞ்சியது வெப்பமாக உடலுக்குள் சேர்கிறது. உடலின் உள்வெப்பநிலையோ 37 டிகிரியை ஒட்டியே இருக்க வேண்டும். சேர்ந்த வெப்பத்தை வெளியேற்றுவதற்காக இதயம் மிகுதியான குருதியைத் தோலுக்கு அனுப்புகிறது. தோலில் வியர்வை சுரக்கிறது. சுற்றுக் காற்று தோலைவிடக் குளிர்ந்திருந்தால் வெப்பம் தானே வெளியேறும். காற்று 35 டிகிரியைத் தாண்டிவிட்டால் அவ்வழி அடைபடுகிறது. வெளியிலிருந்து வெப்பம் உள்ளே வரத் தொடங்குகிறது. அப்போது எஞ்சும் ஒரே வழி வியர்வை ஆவியாதல்.

வியர்வை வழிந்து கீழே சொட்டினால் உடல் குளிராது. தோலின் மேல் காய்ந்தால்தான் குளிரும். காற்றில் ஈரப்பதம் மிகுந்திருக்கும்போது அது காய்வதில்லை. உடல் நீரை இழந்துகொண்டே இருக்கும், குளிர்ச்சியோ கிட்டாது. கடலோரத்தில் அமைந்த தோஹாவில் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் இந்நிலை ஏற்படுகிறது.

இதனால்தான் வெப்பமானி காட்டும் எண்ணை மட்டும் வைத்து ஆபத்தை அளவிட முடியாது. காற்றின் வெப்பம், ஈரப்பதம், வெயிலின் நேரடித் தாக்கம், காற்றோட்டம் ஆகிய நான்கையும் சேர்த்துக் கணக்கிடும் ஒரு குறியீடு உண்டு. ஈரத்துணி சுற்றிய வெப்பமானி, வெயிலில் வைத்த கறுப்பு உலோகக் கோளத்தினுள் உள்ள வெப்பமானி, நிழலில் வைத்த சாதாரண வெப்பமானி ஆகிய மூன்றின் அளவுகளையும் கொண்டு அது கணக்கிடப்படுகிறது. இதில் ஈரத்துணி வெப்பமானியின் பங்கு மட்டும் பத்தில் ஏழு. இக்குறியீடு 32 டிகிரியை எட்டினால் ஆட்டத்தின் நடுவே நீர் அருந்தவும் உடலைக் குளிர்விக்கவும் இடைவேளை தருவது ஃபிஃபாவின் நடைமுறையாக இருந்தது. 2014இல் பிரேசிலின் ஃபோர்ட்டலேசா நகரில் நெதர்லாந்தும் மெக்சிகோவும் ஆடியபோது இத்தகைய இடைவேளை வழங்கப்பட்டது.

ஒரே வெயில், இருவேறு வாழ்வு

ஆட்டக்காரர் தொண்ணூறு நிமிடங்கள் ஓடுகிறார். அருகில் மருத்துவர் நிற்கிறார். தளர்ந்தால் மாற்று வீரர் உண்டு. மறு ஆட்டத்துக்கு முன் சில நாட்கள் ஓய்வு உண்டு. அவருடைய உடலைக் காப்பதற்காக ஓர் உலகப் போட்டியின் நாட்காட்டியே மாற்றப்பட்டது. அது சரியான முடிவு என்பதில் எங்களுக்கு இருவேறு கருத்தில்லை.

ஆனால் அந்த அரங்குகளையும், அவற்றுக்குச் செல்லும் சாலைகளையும், மெட்ரோ ரயில் பாதையையும், விடுதிகளையும் கட்டியவர்கள் போட்டிக்கு முந்தைய ஒவ்வொரு கோடையிலும் அங்கேயே இருந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் இந்தியா, நேபாளம், வங்கதேசம், பாகிஸ்தான், இலங்கை ஆகிய நாடுகளிலிருந்து சென்றவர்கள். நாளொன்றுக்குப் பத்து மணி நேரம், வாரத்துக்கு ஆறு நாட்கள், பல ஆண்டுகள் என்பது அவர்களுடைய கணக்கு. வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் உரிமை மேற்பார்வையாளரின் கையில் இருந்தது. 'கஃபாலா' என்ற முறைப்படி, முதலாளியின் ஒப்புதலின்றி வேறு வேலைக்கு மாறவும் அவர்களால் இயலாதிருந்தது. ஊரில் கடன் வாங்கி முகவருக்குப் பணம் கட்டிச் சென்றவர், தலை சுற்றுகிறது என்று சொல்லி வேலையை நிறுத்துவது எளிதன்று. எனவே வெப்பத்தின் ஆபத்தைப் பணியாளரின் சூழ்நிலை பன்மடங்காக்கியது என்பதே மருத்துவர்களாகிய எங்கள் புரிதல்.

எண்ணிக்கைச் சண்டையும் விடுபட்ட கேள்வியும்

கத்தாரில் எத்தனை தொழிலாளர்கள் இறந்தனர் என்பதே சர்ச்சையின் இரண்டாம் பகுதி ஆயிற்று. மேற்சொன்ன ஐந்து தெற்காசிய நாடுகளைச் சேர்ந்த 6,500க்கும் மேற்பட்டோர் 2010இன் இறுதிக்குப் பின் கத்தாரில் இறந்துள்ளனர் என்று 2021 பிப்ரவரியில் பிரிட்டனின் கார்டியன் நாளிதழ் எழுதியது. எல்லாத் தொழிலினரும், எல்லாக் காரணங்களாலும் நேர்ந்த இறப்புகளும் அதில் அடங்கும். அத்தனை பெரிய மக்கள்தொகையில் இது இயல்பான எண்ணிக்கையே என்று கத்தார் அரசு விடையளித்தது. அரங்கப் பணிகளில் வேலை சார்ந்த இறப்புகள் மூன்றே என்றும், வேலை சாராதவை 37 என்றும் போட்டி அமைப்பாளர்கள் கூறினர். 2022 நவம்பரில் அமைப்புக் குழுவின் பொதுச்செயலாளர் ஹசன் அல் தவாதி ஒரு நேர்காணலில் 400க்கும் 500க்கும் இடைப்பட்ட எண்ணைச் சொன்னார். அது நாடு முழுவதும் எல்லாத் துறைகளிலும் நேர்ந்த இறப்புகளைக் குறிப்பது என்று பின்னர் விளக்கம் தரப்பட்டது.

இவ்வெண்கள் ஒன்றோடொன்று பொருந்தாமைக்குக் காரணம், ஒவ்வொருவரும் வெவ்வேறு பொருளை எண்ணியதே. மருத்துவ நோக்கில் இதைவிட முதன்மையான கேள்வி ஒன்று உண்டு: இறப்புச் சான்றிதழில் என்ன எழுதப்பட்டது? இளம் தொழிலாளர் பலருடைய சான்றிதழில் 'இயற்கைக் காரணம்' என்றோ, 'இதயத் துடிப்பு நின்றது' என்றோ மட்டும் எழுதப்பட்டிருந்ததை மனித உரிமை அமைப்புகள் சுட்டிக்காட்டின. இறக்கும் எவருக்கும் இதயம் நிற்கவே செய்யும். அது இறப்பின் காரணத்தைக் கூறுவதாகாது. அதிலும், வெளிநாட்டு வேலைக்குச் செல்வோர் மருத்துவப் பரிசோதனையில் தேறிய பிறகே விசா பெறுகின்றனர். நலமான இதயத்தோடு விமானம் ஏறிய இளைஞர் உறக்கத்தில் இறந்தார் என்றால், அதற்கு விளக்கம் தேவை. உடற்கூறாய்வு இன்றி அவ்விளக்கம் கிட்டாது.

2009 முதல் 2017 வரை கத்தாரில் இறந்த நேபாளத் தொழிலாளர்களைப் பற்றிய ஆய்வொன்று 2019இல் இதயநோய் மருத்துவ இதழ் ஒன்றில் வெளிவந்தது. வெப்பம் மிகுந்த மாதங்களில் இதயம் சார்ந்த இறப்புகள் உயர்ந்திருந்ததை அது கண்டது. இதயநோய் எனப் பதிவான 571 இறப்புகளில் ஏறக்குறைய 200 வரை, முறையான வெப்பப் பாதுகாப்பு இருந்திருந்தால் தவிர்க்கப்பட்டிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டனர். இது மதிப்பீடே. எனினும், 'இயற்கைக் காரணம்' என்ற சொல்லுக்குப் பின்னால் எதனைத் தேட வேண்டும் என்பதை அது காட்டியது.

இந்த வேறுபாடு குடும்பங்களுக்கு வெறும் சொல்லாராய்ச்சியன்று. வேலை சார்ந்த இறப்பு என்று பதிவானால் இழப்பீட்டுக்கு வழியுண்டு. இயற்கை இறப்பு என்று பதிவானால் பெரும்பாலும் ஏதுமில்லை.

ஓசையின்றி நலியும் சிறுநீரகம்

இறப்புகளை எண்ணலாம். இறவாமல் திரும்பியவர்களின் உடலில் வெப்பம் விட்டுச்சென்ற தழும்பை எண்ணுவது கடினம். எங்கள் துறை சார்ந்த கவலை இதுவே.

கடும் வெப்பத்தில் குருதி தோலுக்குத் திருப்பப்படும்போது சிறுநீரகத்துக்குச் செல்லும் அளவு குறைகிறது. வியர்வையால் நீர் குறைந்த உடல் சிறுநீரைச் செறிவாக்கிச் சேமிக்க முயல்கிறது. கடும் உழைப்பில் நைந்த தசைகளிலிருந்து வரும் கழிவும் சிறுநீரகத்தின்மேல் சுமையாகிறது. மாலையில் உடல்வலிக்காக வலிநிவாரணி மாத்திரை விழுங்கினால் சுமை மேலும் ஏறுகிறது. ஒருநாள் இவ்வாறு நேர்ந்தால் சிறுநீரகம் தேறிவிடும். நாள்தோறும், கோடைதோறும் நேர்ந்தால் நுண்ணிய வடுக்கள் சேர்ந்துகொண்டே போகும்.

நடு அமெரிக்காவின் நிகரகுவா, எல் சால்வடோர் நாடுகளில் கரும்பு வெட்டும் தொழிலாளரிடையே, சர்க்கரை நோயோ இரத்த அழுத்தமோ இல்லாமலேயே நாட்பட்ட சிறுநீரக நோய் பெருகியது உலகின் கவனத்தை ஈர்த்தது. அதன் முழுக் காரணம் இன்னும் ஆராயப்படுகிறது. வெப்பத்தில் கடும் உழைப்பும் நீரிழப்பும் முதன்மையான ஐயத்துக்குரியவையாக உள்ளன. வளைகுடாவிலிருந்து திரும்பிய இளைஞர்கள் டயாலிசிஸ் சிகிச்சைக்கு வருவதை நேபாள மருத்துவர்களும் கண்டுள்ளனர். நம் தமிழ்நாட்டின் உப்பளத் தொழிலாளர்களிடமும் வெப்பத்துக்கும் சிறுநீரகச் செயல்பாட்டுக்கும் உள்ள தொடர்பை ஆய்வாளர்கள் ஆராய்ந்துள்ளனர்.

சிறுநீரக நோயின் கொடுமை, அது வலியின்றி வளர்வது. பாதிக்கு மேல் செயலிழக்கும்வரை பலருக்கு எந்த அறிகுறியும் தோன்றாது. கால் வீக்கமும் மூச்சிரைப்பும் கண்டு மருத்துவமனைக்கு வரும்போது காலம் கடந்திருக்கும்.

நான்காண்டும் பத்தாண்டும்

கத்தாரில் ஒன்றும் மாறவில்லை என்று கூறுவது நேர்மையாகாது. 2007ஆம் ஆண்டின் விதிப்படி, ஜூன் 15 முதல் ஆகஸ்ட் 31 வரை, முற்பகல் 11.30 முதல் பிற்பகல் 3 மணி வரை வெட்டவெளி வேலைக்குத் தடை இருந்தது. இந்நேர வரம்பு போதாது என்பதைப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் ஆதரவுடன் நடந்த ஆய்வும் எடுத்துக்காட்டியது. 2021 மே மாதம் வந்த புதிய விதி தடையை ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை நீட்டித்தது. காலை 10 முதல் பிற்பகல் 3.30 வரை வேலை கூடாது என்றது. நாம் மேலே விளக்கிய வெப்பக் குறியீடு 32.1 டிகிரியைத் தாண்டினால், எந்த மாதமாயினும் எந்த நேரமாயினும் வேலையை நிறுத்த வேண்டும் என்றும், தொழிலாளர்க்கு ஆண்டுதோறும் மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும் என்றும் விதித்தது. அதற்கு முன்னரே, வேலை மாறுவதற்கு முதலாளியின் ஒப்புதல் வேண்டும் என்ற கட்டுப்பாடும் சட்டத்தில் நீக்கப்பட்டிருந்தது. தொழிலாளர்களுக்கான மருத்துவமனைகளில் வெப்பநோய்க்காக வருவோரின் எண்ணிக்கை அதன்பின் வெகுவாகக் குறைந்ததாகப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு தெரிவித்தது. சட்டம் எல்லா இடங்களிலும் நடைமுறைக்கு வரவில்லை என்ற குறையும் தொடர்ந்து சொல்லப்பட்டு வருகிறது.

வெப்ப நாடு என்பதற்காகவே ஒரு நாட்டுக்கு இத்தகைய வாய்ப்பை மறுக்கக் கூடாது என்ற வாதத்திலும் நியாயம் உண்டு. அவ்வாறு மறுத்தால் உலகின் பாதிக்கு அவ்வாய்ப்பு என்றுமே கிட்டாது. கடும் வெயிலில் ஆடவைத்தது கத்தார் மட்டுமன்று. 1994இல் அமெரிக்காவின் ஆர்லாண்டோவில் அயர்லாந்தும் மெக்சிகோவும் நண்பகல் வெயிலில் ஆட நேர்ந்தது. வெப்பத்தை வென்று வாழும் வழிகளை வெப்ப நாட்டு மக்களே நன்கறிவர். நாங்கள் எழுப்பும் கேள்வி வேறு. ஆட்டக்காரர்களுக்காகப் போட்டியின் மாதத்தை மாற்ற நான்காண்டுகளுக்குச் சற்று மேல் ஆயின. அரங்கம் கட்டுவோருக்காக வெப்ப விதியைத் திருத்தப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆயின. அதற்குள் அரங்குகள் பெரும்பாலும் எழுந்து முடிந்திருந்தன. உடலியல் அறிவு இருவருக்கும் ஒன்றே. அது ஒருவரை முன்னரும் மற்றவரைப் பின்னரும் சென்றடைந்தது.

2034ஆம் ஆண்டின் உலகக் கோப்பையை நடத்தும் உரிமை, 2024 டிசம்பரில் சவுதி அரேபியாவுக்கு வழங்கப்பட்டுள்ளது. அங்கும் அரங்குகள் எழ வேண்டும். அவற்றைக் கட்ட நம் ஊர்களிலிருந்தும் பலர் செல்லக்கூடும். எனவே இது முடிந்துபோன சர்ச்சையன்று.

நம் குடும்பங்கள் செய்யக்கூடியவை

சட்டம் இயற்றுவது நம் கையில் இல்லை. எனினும், தொலைபேசியில் பேசும் சில நிமிடங்கள் நம் கையில் உள்ளன. "சாப்பிட்டாயா, பணம் வந்ததா" என்ற கேள்விகளோடு வேறு சிலவற்றையும் கேட்கப் பழகுங்கள். வேலையிடத்தில் நிழல் உண்டா? குடிநீர் கைக்கெட்டும் தொலைவில் இருக்கிறதா? சிறுநீர் என்ன நிறத்தில் போகிறது? இரவு தங்குமிடத்தில் குளிர்ச்சி கிடைக்கிறதா? சிறுநீர் வெளிர்மஞ்சளாக இருப்பது நலம். தேயிலை வடிநீரைப் போலக் கருத்திருந்தால் அது உடனடி எச்சரிக்கை. வேலை நாளில் ஒருமுறை மட்டுமே சிறுநீர் கழிக்கிறார் என்றால், நீர் மிகவும் குறைவு என்று பொருள்.

புதிதாகச் செல்பவரும், நீண்ட விடுமுறைக்குப் பின் திரும்புபவரும் முதல் இரு வாரங்கள் மிகுந்த கவனத்தோடு இருக்க வேண்டும். வெப்பத்துக்கு உடல் பழக ஏழு முதல் பதினான்கு நாட்கள் ஆகும். முதல் நாள் வழக்கமான வேலையில் ஐந்தில் ஒரு பங்கில் தொடங்கி, நாளுக்கு நாள் சிறிதுசிறிதாகக் கூட்டுவதே முறை. ஊரில் வெயிலில் வேலை செய்தவர்தானே என்ற துணிவு இங்கே உதவாது.

தாகம் எடுக்கும்வரை காத்திராமல், வேலை நேரத்தில் கால் மணி அல்லது இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு குவளை நீர் அருந்துவது நல்லது. பல மணி நேரம் வியர்த்தால் ஓ.ஆர்.எஸ். கரைசலோ உப்பிட்ட மோரோ சேர்த்துக்கொள்ளலாம். இனிப்பூட்டிய குளிர்பானங்களும் ஆற்றல் பானங்களும் நீருக்கு மாற்றாகா. டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்ற வலிநிவாரணிகளை மருத்துவர் ஆலோசனையின்றி நாள்தோறும் உட்கொள்ளவே கூடாது. ஊரிலிருந்து பெட்டியில் வைத்து அனுப்பும் மருந்துகளில் இவை இருந்தால் எடுத்துவிடுங்கள்.

வெப்பத்தில் வேலை செய்பவர் திடீரெனக் குழப்பமாகப் பேசினாலோ, நடை தள்ளாடினாலோ, வலிப்பு வந்தாலோ, மயங்கி விழுந்தாலோ அது 'ஹீட் ஸ்ட்ரோக்' எனப்படும் வெப்பவாதம் எனக் கொள்ள வேண்டும். உடலின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டிய உயிராபத்து நிலை அது. வியர்வை இருந்தாலும் இல்லாவிட்டாலும் இதனை ஐயுற வேண்டும். கத்தாரில் 999 எண்ணையும் தமிழ்நாட்டில் 108 எண்ணையும் உடனே அழைக்க வேண்டும். ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திராமல் நிழலுக்குக் கொண்டுசென்று, மேலாடையைக் களைந்து, உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். பனிக்கட்டி கிடைத்தால் கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் வைக்கலாம். நினைவு தெளிவில்லாதவர் வாயில் நீர் ஊற்றக் கூடாது. காய்ச்சல் மாத்திரை இதற்குப் பயன்படாது. முதல் அரைமணி நேரத்தில் உடலைக் குளிர்வித்தலே உயிரைக் காக்கும்.

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வருபவருக்கு மூன்று எளிய பரிசோதனைகள் போதும்: இரத்த அழுத்தம், இரத்தத்தில் கிரியேட்டினின் அளவு, சிறுநீரில் புரதம். இவற்றை ஆண்டுக்கொருமுறை செய்து, அறிக்கைகளைத் தேதிவாரியாகப் பாதுகாத்து வையுங்கள். கிரியேட்டினின் இந்த ஆண்டு எவ்வளவு என்பதைவிட, சென்ற ஆண்டைக் காட்டிலும் ஏறியிருக்கிறதா என்பதே எங்களுக்கு மிகுதியாகப் பயன்படும் செய்தி. ஏறியிருந்தால் தொடக்கத்திலேயே தடுத்து நிறுத்தப் பல வழிகள் உண்டு.

இங்கே சிகிச்சை பெறுவோருக்கு ஒரு சொல். மேலே கூறிய நீர் அளவுகள் நலமான சிறுநீரகமும் இதயமும் உடையவர்களுக்கே பொருந்தும். டயாலிசிஸ் செய்துகொள்வோரும், இதயச் செயலிழப்புக்குச் சிகிச்சை பெறுவோரும், நாளொன்றுக்கு இவ்வளவு நீர் என்று மருத்துவர் வரையறுத்தவர்களும் கோடை என்று தாமாக அளவைக் கூட்டக் கூடாது. சிறுநீரக நோயாளிகளுக்கு இளநீரிலும் பழச்சாறுகளிலும் உள்ள பொட்டாசியம் தீங்காகலாம், ஓ.ஆர்.எஸ். கரைசலையும் கேட்டறிந்தே அருந்த வேண்டும். நீர் பிரிவதற்கான மாத்திரையும் சில இரத்த அழுத்த மாத்திரைகளும் உட்கொள்வோர், வயிற்றுப்போக்கோ வாந்தியோ மிகுந்த வியர்வையோ ஏற்படும் நாட்களில் எங்களைத் தொடர்புகொண்டு அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். தாமாக நிறுத்திவிட வேண்டாம். முற்பகல் 11 முதல் பிற்பகல் 3 மணி வரை வெளியில் செல்வதைத் தவிர்த்து, மருத்துவமனைக்கு வரும் நேரத்தைக் காலையில் அமைத்துக்கொள்ளுங்கள்.

கத்தார் சர்ச்சை உலகுக்கு ஓர் உண்மையைக் கற்பித்தது. வெப்பத்தைத் தாங்கும் ஆற்றல் துணிவைப் பொறுத்ததன்று. நிழல், நீர், ஓய்வு, வேலையை நிறுத்தும் உரிமை ஆகிய நான்கையும் பொறுத்தது. இவை நான்கும் கிடைத்தவர் தப்பினர். உங்கள் வீட்டிலிருந்து வெயிலுக்குள் வேலைக்குச் செல்பவர் தோஹாவில் இருந்தாலும், உங்கள் ஊர் செங்கற்சூளையில் இருந்தாலும், இந்த நான்கும் அவருக்கு இருக்கின்றனவா என்று இன்றே கேளுங்கள். ஐயமிருந்தால் அவருடைய பழைய மருத்துவ அறிக்கைகளோடு எங்கள் புறநோயாளிகள் பிரிவுக்கு வாருங்கள்; அவர் வெளிநாட்டில் இருந்தால் அறிக்கைகளை மட்டுமேனும் கொண்டுவாருங்கள். பார்த்துச் சொல்ல நாங்கள் இருக்கிறோம்.